சீனிப் பொம்மையைக் கருக்கிய காலை

இத்தாலியில், பலெர்மோவில் நவம்பர் இரண்டாம் திகதி செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்கள். இந்த ஊர்ச் சனத்தின் வழக்கம் அது. காலையில் எழும்புகிற பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே தேடுவார்கள். செத்த பாட்டனோ பெரியம்மாவோ கொண்டுவந்த விளையாட்டுச் சாமானும், சீனியில் வார்த்த ஒரு பொம்மையும் இருக்கும். செத்தவர்கள் வருகிற நாளைச் சிரித்துக்கொண்டு கொண்டாடுகிறவர்களைக் கண்டு முதல் வருடம் எனக்கு நெஞ்சு பதறியது.

இது நடந்தது சில வருடங்கள் கழித்து, என் மகளுக்குப் பத்து வயதில். அவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, சண்டை முடிந்த கிழமை, வன்னியில் வைத்து என் புருசனை ஆமிக்காரர் விசாரிக்கவென்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவர் செத்துவிட்டார், அந்தியேட்டிக் கிரியை செய் என்று சொன்ன அவரின் தாயோடு, என் மாமியோடு, கதைப்பதையே நான் நிறுத்திவிட்டேன். உடம்பைக் காட்டட்டும், பிறகு செய்கிறேன். அன்றைக்கும் அதுதான் என் பேச்சு.

செத்தவர்கள் வருகிற நாளுக்கு முந்தின கிழமை பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மீளும் தாக்கம் படிப்பித்திருந்தார்கள். நீலச் செப்பு சல்பேற்றைச் சூடாக்க அது வெள்ளையாகிப் போனதாம். மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டதும் திரும்ப நீலமாகி, வாங்கின சூட்டையும் திருப்பித் தந்ததாம். வீட்டுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாம் அப்பிடித் திரும்புமோ அம்மா?”

“எல்லாம் திரும்பாது. கடதாசி எரிஞ்சா எரிஞ்சதுதான்.”

ஏ.எல். வகுப்பில் இரசாயனவியல் படித்த வாய் அதோடு சும்மா இருக்குமா? இரட்டை அம்புக்குறி கீறிக் காட்டினேன். மூடிய பாத்திரத்துக்குள் தாக்கம் அங்காலும் நடக்கும் இங்காலும் நடக்கும், இரண்டும் ஒரே வேகம், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், அதுதான் சமநிலை என்றேன். காலையில் அவர் இருக்கிறார் என்பேன், பின்னேரம் இல்லை என்பேன். இத்தனை வருடமாக நான் சீவித்ததும் அப்படித்தான்.

வியா மக்வேதாத் தெருவில் நான் பராமரித்துவந்த கிழவி, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவ, நல்ல மனுசி. புருசனைப் பற்றிக் கேட்டபோது நான் அழுதிருக்கிறேன். அவர் செத்துவிட்டார் என்று அவ தானாகவே முடிவு கட்டிவிட்டா. முதலாம் திகதி பள்ளிக்கூடம் இல்லாததால் மகளையும் வேலைக்குக் கூட்டிப்போனேன். எனக்குத் தெரியாமல் சிஞ்ஞோரா அவள் கையில் ஒரு பொதியைக் கொடுத்திருக்கிறா.

அடுத்தநாள் காலை குசினிக்குள் வந்தேன். மேசையில் சீனிப் பொம்மை நின்றது. மீசை வைத்த ஆம்பிளை, கையில் வாள். மகள் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“‘இது உன்ரை அப்பா கொண்டந்தவர்’ எண்டு சிஞ்ஞோரா எனக்குச் சொன்னவ.”

நான் வாய் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள்.

“ஒவ்வொரு வருசமும் கட்டிலுக்குக் கீழை பாக்கிறனான். அப்பா ஒண்டும் வைக்கேல்லை. அதாலை உயிரோடை இருக்கிறாரெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்.”

கோதாரியில் போன கிழவி என்று மனதுக்குள் திட்டினேன். என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் இந்தப் பிள்ளை தனியாக எத்தனை காலையில் கட்டிலுக்குக் கீழே குனிந்திருக்கிறாள்.

“அது சிஞ்ஞோரா கடையிலை வாங்கினது, பிள்ளை. அப்பா தரேல்லை.”

“அப்ப இது எங்கடை வீட்டிலை இருக்கக்கூடாது. தண்ணியிலை கரைப்பமோ?” கொஞ்சம் யோசித்தாள். “இல்லை. கரைச்சா, தண்ணியைக் காய்ச்சித் திரும்ப எடுக்கலாமெண்டு பள்ளிக்கூடத்திலை மாஎஸ்த்ரா சொன்னவ. திரும்பாத மாதிரிச் செய்வம். எரிப்பம்.”

பழைய தாச்சியை அடுப்பில் வைத்துப் பொம்மையை அதற்குள் நிறுத்தினேன். காஸை அவளே பற்றவைத்தாள்.

முதலில் கால் இளகியது. பிறகு சரிந்து முகம்குப்புற விழுந்தது. சூட்டைக் குடித்துக் குடித்துச் சீனி பொன்னிறமாகி, நுரைத்து, கறுத்தது. இனிப்பு மணம் போய்க் கண்ணைக் கரிக்கிற புகை வந்தது. சீனிக்குள் இருந்த தண்ணீரெல்லாம் ஆவியாகிப் போக அடியில் கரி மிஞ்சியது.

“இனி இது திரும்பாது, என்ன?”

“ஓம். திரும்பாது.”

“அப்ப அப்பா வரலாம்.”

“ஓம்” என்றேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் மகனுக்குக் கொள்ளி வைக்க ஓர் ஆம்பிளைப் பிள்ளைகூட இல்லையே என்று மாமி முந்தி அழுதவ. மகள் வைத்துவிட்டாள். தகப்பனைக் காப்பாற்றிவிட்டேன் என்ற சந்தோசத்தில் அவள் பாண் தின்னத் தொடங்கியிருந்தாள். நான் அடுப்பை நிற்பாட்டி யன்னலைத் திறந்துவிட்டேன்.

பிறகு போய்த் தலைக்கு முழுகினேன். ஈரத் தலையோடு கண்ணாடிக்கு முன்னால் வந்தபோது, பின்னால் அவள் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டை எடுத்து வைத்தேன்.