தனபாக்கியம் எழுதிய இலக்குகள்

தனபாக்கியத்துக்குப் 'புரிந்துகொள்வார்' என்ற சொல் ரொம்பப் பிடிக்கும். நோயாளிக்கு என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று நர்ஸ்கள் முன்கூட்டியே அட்டையில் இலக்குகளாக எழுதிவைக்க வேண்டும் என்ற வழக்கம் ஆம்பூரில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்தது. அறுபத்து மூன்றாம் வருஷம். அவள் எல்லா அட்டையிலும் அந்தச் சொல்லையே எழுதினாள். 'நோயாளி பத்தியத்தைப் புரிந்துகொள்வார்.' 'நோயாளி தன் நோயைப் புரிந்துகொள்வார்.'

நர்ஸ்களுக்குப் பாடம் எடுத்த மனோரமா அம்மா எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

"அவருக்குப் புரிஞ்சிதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? மண்டையைத் திறந்து பாத்தியா? கண்ணுக்குத் தெரியறதை எழுது. என்ன செய்வாரு, எப்போ செய்வாரு, யாரும் எடுத்துச் சொல்லாம செய்வாரா? செஞ்சா டிக் போடு. செய்யலைன்னா திரும்பவும் சொல்லிக்கொடு."

தனபாக்கியத்துக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் யோசித்துப் பார்த்ததில் அது நியாயம் என்று பட்டது. கலவைப் பக்கம் கூலி வேலை செய்தவர்களின் மகள் அவள். பாதிரிமார் நடத்திய விடுதியில் படித்து, வெள்ளை உடுப்பு மாட்டி, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கடைசியில் அந்தப் பேச்சே நின்றுபோனவள். வேலையில் மட்டும் யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. புது முறையையும் ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

அந்தச் சமயத்தில்தான் முனிரத்தினம் வந்து சேர்ந்தான். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி ஆள். பச்சைத் தோலிலிருந்து மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்தத் தொட்டிக்குள் இறங்கித் தோலைப் புரட்டிப்போடுவது அவன் வேலை. உள்ளங்காலில் ஆணி ஒன்று ஏறி, அது ஏறியதே தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறான். தரையெல்லாம் ரத்தத் தடமாக இருப்பதைப் பார்த்து அவன் மனைவி கங்கம்மாள்தான் இழுத்துவந்தாள். பரிசோதித்ததில் சர்க்கரை வியாதி முற்றியிருந்தது. பாதத்தில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது.

தனபாக்கியம் அட்டை எடுத்து எழுதினாள். 'வீட்டுக்குப் போகுமுன் நோயாளி, கண்ணாடியை வைத்துத் தன் உள்ளங்காலைத் தானே பார்த்து, காயம் இருக்கும் இடத்தைக் கைகாட்டுவார். தண்ணீரில் கால் வைக்குமுன் முழங்கையால் சூடு பார்ப்பார். செருப்பைப் போடுமுன் உதறிப் பார்ப்பார். வெறுங்காலில் நடந்தால் என்ன ஆகும் என்று தன் வாயால் சொல்வார்.'

முனிரத்தினம் கெட்டிக்காரன். கண்ணாடியைக் காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "நர்ஸம்மா, என் மூஞ்சியவே நான் இவ்ளோ நேரம் பாத்தது இல்ல" என்று வார்டையே சிரிக்கவைத்தான். டீ கொடுத்தால் கூட டம்ளரில் முழங்கையை வைத்துப் பார்ப்பான். ஒவ்வொரு வரிக்கும் எதிரே டிக் விழுந்தது. காயம் ஆறி, டயர் செருப்பு போட்டுக்கொண்டு, கங்கம்மாளோடு வீட்டுக்குப் போனான். மனோரமா அம்மா அந்த அட்டையைப் பயிற்சிப் பெண்களுக்கு வாசித்துக்காட்டினார். "இலக்குன்னா இப்படி எழுதணும்" என்றார். அன்று முழுக்க தனபாக்கியத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

மழைக்காலம் வருவதற்குள் அவன் திரும்பி வந்துவிட்டான். இரண்டு பாதமும் வெந்து வெடித்திருந்தது. ஒன்றில் எலும்பு தெரிந்தது.

"எந்த இலக்கு சரியில்லைன்னு பாரு" என்றார் மனோரமா அம்மா.

தனபாக்கியம் அவனையே கேட்டாள். ஒரு வரி பிசகாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தான். கண்ணாடியைக் கொடுத்தாள், புண்ணைச் சரியாகக் காட்டினான். "தினமும் பாத்தேன் நர்ஸம்மா. தினமும் பெருசாச்சி" என்றான். கட்டுப் போட்டுச் சில வாரம் வைத்திருந்தார்கள். கொஞ்சம் ஆறத் தொடங்கியதுமே, வேலை போய்விடும் என்று சொல்லி, தன் பொறுப்பில் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. விடுமுறை நாளில் ஷாப்பைத் தேடிப் போனாள். வாசலிலேயே நாற்றம் தொண்டையைப் பிடித்தது. உள்ளே வரிசையாகத் தொட்டிகள். ஒன்றில் முனிரத்தினம் முழங்காலளவு வெள்ளைத் தண்ணீரில் நின்று தோலை இழுத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக் கட்டு நனைந்து காலில் தொங்கியது. கரையில் அந்த டயர் செருப்பு, ஜோடி சேர்த்து, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது.

அவளைப் பார்த்ததும் பதறி மேலே ஏறினான். ஏறியவன் செருப்பை எடுத்து, தட்டி, உதறிப் பார்த்துவிட்டுத்தான் காலில் மாட்டினான்.

"இன்னா நர்ஸம்மா, இங்க வந்துட்டீங்க?"

"இந்தத் தண்ணியில நின்னா எப்படி ஆறும்?"

"செருப்போட எறங்குனா தோலு கிழிஞ்சிடும். மேஸ்திரி உடமாட்டாரு."

மேஸ்திரி அமீர் பாஷா நல்ல மனுஷர்தான். அவளுக்கு ஸ்டூல் போடச் சொன்னார்.

"பாய், இவரை வேற வேலைக்கு மாத்தக் கூடாதா? தண்ணி படாத வேலையா?"

"மாத்தலாம் சிஸ்டர். மேல மாடியில தோல் காய வைக்கிற வேலை இருக்குது. ஆனா அதுக்குக் கூலி ரொம்பக் கம்மி, பாதி கூட வராது. நான் முன்னாடியே கேட்டேன். அவனே வேணாம்னுட்டான்."

முனிரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அதுல இன்னாத்த வச்சி பசங்களுக்குச் சோறு போடறது? நீங்க சொல்லிக்குடுத்தது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குது நர்ஸம்மா. நான் மறக்கல. அதைப் போய் இவர்கிட்ட சொல்லிப் பேஜார் பண்ணாதீங்க."

அவள் திரும்பி வந்து அட்டையை எடுத்தாள். கடைசி வரிக்குக் கீழே எழுதினாள்: 'ஷாப்பு முதலாளி, கூலியைக் குறைக்காமல் இவருக்குத் தண்ணீர் படாத வேலை கொடுப்பார்.'

மனோரமா அம்மா அதைப் படித்தார். இந்தத் தடவை சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. "நோயாளி என்ன செய்வாருன்னுதான் நாம எழுத முடியும் தனபாக்கியம்" என்றார் மெதுவாக.

"நோயாளிதான் எல்லாத்தையும் செஞ்சிட்டாரே அம்மா."

ஷாப்பு முதலாளிக்கு ஆஸ்பத்திரி பேரில் ஒரு வார்த்தை சொல்லிப்பார்க்கிறேன் என்றார் மனோரமா அம்மா, சொல்லியும் பார்த்தார். காய வைக்கிற வேலை எப்போது வேண்டுமானாலும் உண்டு என்று பதில் வந்தது. கூலியைப் பற்றி அதில் பேச்சில்லை.

தை பிறந்ததும் முனிரத்தினத்தை வேலூருக்குக் கொண்டுபோய் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆம்பூருக்குத் திரும்பிவந்தபோது கட்டைக்கால் ஊன்றி நடக்கப் பழக்க வேண்டியிருந்தது. அதற்கும் அவளே அட்டை எழுதினாள். அதையும் அவன் செய்தான், கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும். ஆனால் முன்போல வார்டைச் சிரிக்கவைக்கவில்லை. மற்றக் காலிலும் சீழ் வைத்து, காய்ச்சல் ஏறி, கோடை முற்றுமுன் போய்விட்டான்.

காரியம் முடிந்து கங்கம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "இங்க ஆயா வேலை எதுனா கெடைக்குமா நர்ஸம்மா?" என்று கேட்டாள். தனபாக்கியம் எல்லாரிடமும் கேட்டுப்பார்த்தாள். இடம் இல்லை. அடுத்த மாதம் கங்கம்மாள் ஷாப்பில் சேர்ந்துவிட்டாள். அவளை மேலே காய வைக்க விடவில்லை, அங்கே இப்போது ஆள் ஜாஸ்தி. கழட்டிய மயிரை அலசும் இடத்தில் நிற்கவைத்தார்கள். கடைத்தெருவில் பார்த்தபோது அவள் கால்விரல் இடுக்குகள் வெளுத்துப் பிளந்திருந்தன.

"எண்ணெய் தடவிக்கோ, ராத்திரியில" என்றாள் தனபாக்கியம். கங்கம்மாளும் சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த வருஷக் கடைசியில் பிரசவ வார்டுக்கு மாற்றல் கேட்டாள் தனபாக்கியம். மனோரமா அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஓய்வு பெறுகிற வரைக்கும் அவள் அங்கேயே இருந்தாள். பிள்ளை பெற்றவர்களைக் குளிப்பாட்டினாள், தொட்டில் கட்டினாள். வருகிறவர்களிடம் வீட்டுக்காரர் எந்த ஊர் என்று விசாரிப்பாள். என்ன வேலை என்று மட்டும் கேட்கமாட்டாள்.