சிவனாண்டியின் கரிப் பஸ்

தூத்துக்குடித் துறைமுகத்தில் பஞ்சு லாரி ஓட்டிப் பழகிய சிவனாண்டி, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பே சொந்தமாக ஒரு பஸ் வாங்கிவிட்டார். ஆலந்தலையில் புறப்பட்டுத் திருச்செந்தூர் வழியாகத் திருநெல்வேலி வரை ஓடும். திருச்செந்தூரிலிருந்து ரயிலும் அதே திருநெல்வேலிக்குத்தான் போனது. பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தவரை அவர் அதைச் சட்டை செய்யவில்லை.

யுத்தம் வந்ததும் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்பு உருளையைப் பொருத்தி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். ஊர் போய் இறங்கும்போது எல்லோர் மூக்கிலும் கரி. ரயிலிலோ, நாசரேத்துக்காரரான கார்டு ஜெயசிங் காலையில் போட்ட வெள்ளை உடுப்பு சாயங்காலமும் ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. அந்த உடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் சிவனாண்டிக்கு வயிறு எரிந்தது. ஜெயசிங் சிரித்துக் கும்பிட்டால் எரிச்சல் இன்னும் கூடியது.

ஒருமுறை சிவனாண்டியின் மனைவி வடிவம்மாள் தங்கையின் பிரசவத்துக்குத் திருநெல்வேலி போனவள், அவரிடம் சொல்லாமல் ரயிலில் திரும்பி வந்தாள். கேட்டதற்கு, “ரெயில்ல வந்தா சேல சேலையாவே இருக்கு” என்றாள். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறு வாரமே கட்டணத்தைக் குறைத்தார். கூட்டம் வந்தது, நடைகள் கூடின; கரி போதவில்லை. ஆலந்தலைக்கு மேற்கே தேரி எனப்படும் செம்மணல் மேட்டின் ஓரமாக, முள் நிறைந்த உடைமரங்கள் அடர்ந்து நின்றன. அவற்றை வெட்டும் உரிமையை நிலக்காரரிடம் வாங்கி, அங்கேயே கரி சுட்டார். ரயிலிலிருந்து ஒவ்வோர் ஆளாகத் தன் பக்கம் வருவதைப் பார்க்க அவருக்கு அத்தனை திருப்தி. கோடைக்குள் மரங்கள் தீர்ந்துபோயின.

ஆடிக் காற்று அடித்தபோது, தடுக்க எதுவுமில்லாமல் செம்மணல் ஊருக்குள் இறங்கியது. வாசல்களை மூடி, ஊருக்கு இருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றையும் தூர்த்தது. மீன் விற்கும் சவேரியம்மாள் தலையில் கூடையோடு சாலையில் நின்று பஸ்ஸை மறித்தாள்.

“அண்ணாச்சி, ஒங்க வண்டி தின்னது வெறும் மரமில்ல. எங்க கெணத்துக்கு அதுதான் காவலு.”

“ரெயிலு மட்டும் காத்தையா குடிச்சிட்டு ஓடுது? அதுவும் கரிதான திங்கிது?”

“திங்கட்டும். எத்தன சனத்த ஏத்திட்டுப் போவுது. ஒங்க வண்டியில பாதிப்பேரு கீழ எறங்கில்ல தள்ளுதான்.”

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். சிவனாண்டி வண்டியை எடுத்தார்.

அன்று ரயில்வே கேட்டில் நிற்க வேண்டியிருந்தது. பெட்டி பெட்டியாக ஆட்களை இழுத்துக்கொண்டு ரயில் கடந்துபோனது. அத்தனை பேரையும் தன் பஸ்ஸில் ஏற்றுவதென்றால் இன்னும் எத்தனை தேரியை மொட்டையடிக்க வேண்டும் என்று அவரால் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வேகம், உடுப்பு, பெண்டாட்டியின் சேலை, எல்லாவற்றிலும் ஜெயித்த ரயில், பாவம் குறைவாகச் செய்வதிலும் தன்னை ஜெயித்துவிட்டதே என்பதுதான் அவரை அதிகம் சுட்டது.

அடுத்த நாள் பஸ் ஓடவில்லை. சிவனாண்டி மண்வெட்டியோடு கிணற்றடிக்குப் போனார். சவேரியம்மாள் வாவென்று சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை. ஊராரோடு சேர்ந்து, தண்ணீர் தெளியும்வரை மணல் அள்ளினார். பிறகு ஆடு மேய்க்கும் கீதாரிகளைக் கெஞ்சிக் கூப்பிட்டு, உடைமர நெற்று தின்ற ஆடுகளை இரவில் தேரியில் அடைத்துக் கிடை போடச் செய்தார். மழைக்குப் பின் புழுக்கைகளிலிருந்து உடைமரக் கன்றுகள் முளைத்தன. அவை காற்றைத் தடுக்கும் உயரத்துக்கு வளரப் பல வருஷம் ஆகும் என்பது அவருக்கும் தெரியும். அதுவரை ஒவ்வோர் ஆடியிலும் கிணற்றடியில் அவருக்கு வேலை இருந்தது.

திருநெல்வேலி ஓட்டத்தை விட்டுவிட்டார். ரயில் போகாத மணப்பாடு, ஆலந்தலைப் பக்கத்து ஆட்களைத் திருச்செந்தூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விடுவதும், ரயிலில் வந்தவர்களை ஊர் சேர்ப்பதுமே பிழைப்பானது. குறைந்த தூரம், கொஞ்சம் கரி.

பொறாமை மட்டும் போகவில்லை. ஜெயசிங் பெட்டியிலிருந்து இறங்கினால், சிவனாண்டி குனிந்து டயரைப் பார்ப்பார். ரயில் தாமதமானால் உள்ளூர ஒரு சந்தோஷம் எழும். ரயில் வந்தால்தான் தன் பஸ்ஸுக்கு ஆள் என்பது நினைவுக்கு வர, எழுந்துபோய்த் தண்டவாளத்தை எட்டிப் பார்ப்பார்.