சாக்பீஸ் அறையில் மூன்று நாள்

ஒரே கட்டிலில் முப்பது வருஷமாகத் தூங்கியும் ஒரே நேரத்தில் தூங்காத தம்பதி உண்டு என்றால் யார் நம்புவார்கள்? நம்பித்தான் ஆகவேண்டும். மனைவி, பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். நாற்பது அடுக்குத் துணியை மேசையில் விரித்து, மேலே பிரவுன் பேப்பரில் வெட்டிய அச்சை வைத்து, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு, மின்கத்தியை ஓட்டினால் நாற்பது சட்டைக்கும் ஒரே வெட்டில் கை வந்து விழும். வீட்டிலும் வெளியிலும் அவளுக்குப் பேரே மாஸ்டர்தான். புருஷன், செய்தித்தாள் அச்சகத்தில் இரவு ஷிப்ட் மெஷின்காரர். காலையில் அவர் வந்து படுக்கும்போது அவள் கிளம்புவாள். ராத்திரி அவள் படுக்கும்போது அவர் மெஷின் பக்கத்தில் நிற்பார். விடுமுறை ராத்திரியிலும் அவருக்குத் தூக்கம் பிடிக்காது, ஹாலில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார். அப்படியானால் மகள் எப்படிப் பிறந்தாள் என்று குறும்பாகக் கேட்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது: கல்யாணமான முதல் வருஷம் அவர் பகல் ஷிப்டில் இருந்தார்.

தெருவில் இவர்களுக்கு நல்ல பேர். "சண்டைன்னா என்னன்னே தெரியாத ஜோடி" என்பார்கள். மாஸ்டர் சிரித்து வைப்பாள். சண்டை போட நேரம் எங்கே இருந்தது? ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொள்கிறவர்கள் அதையும் சண்டையில் போக்குவார்களா?

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அதே வாரம் அவளும் வேலையை விட்டாள். அடுத்த மாதம் அறுபத்திரண்டு நாள் கப்பல் பயணம். ஆசை அவருடையது. ஒவ்வொரு சீசனுக்கும் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கப்பல் விளம்பரம் வரும். கப்பலைச் சுற்றிலும் நீலக் கடல். அந்த நீலம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கொஞ்சம் கூடினால் மையைக் குறைக்கவேண்டும், குறைந்தால் ஏற்றவேண்டும். "இருபது வருஷமா அந்த நீலத்தை ஏத்தி இறக்கிட்டிருக்கேன். நிஜத்துல அப்படி இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடணும்" என்றார். வாயைத் திறந்து எதையும் கேட்காத மனுஷன் கேட்டுவிட்டாரே என்று மாஸ்டரும் தலையாட்டிவிட்டாள்.

தலையாட்டிய பிறகுதான் யோசனை வந்தது. டிராவல்ஸ் பெண் கொடுத்த காகிதத்தில் அறையின் வரைபடம் இருந்தது. ஒரு கதவு, ஒரு குளியலறை, திறக்க முடியாத ஒரு வட்ட ஜன்னல். அதற்குள் இந்த மனுஷரோடு அறுபத்திரண்டு நாள்! பகல் பதினோரு மணிக்கு இவர் எப்படி இருப்பார்? எதற்குக் கோபப்படுவார்? ஒன்றும் தெரியாது. ஒத்துவராவிட்டால்? கடல் நடுவில் கதவைத் திறந்து எங்கே போவது? முப்பத்தொரு வருஷமாகக் கட்டிக் காத்த நல்ல பேர் அந்தச் சின்ன அறையில் கிழிந்து போகுமோ என்பதுதான் அவள் பயம்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொன்னீங்கன்னா ரத்து பண்ணிடலாம் மேடம். அதுக்கப்புறம் முடியாது" என்று டிராவல்ஸ் பெண் போனில் சொல்லியிருந்தாள். இதைப்பற்றி மாஸ்டர் புருஷனிடம் மூச்சு விடவில்லை.

வேலையை விட்ட அதே வாரம், புதன்கிழமை காலை ஹாலில் இருந்த சாமான்களை எல்லாம் ஓரம் கட்டினாள். தெரியாத துணியில் கத்தி வைப்பதற்கு முன் ஒரு மாதிரி வெட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். கப்பல் அறைக்கும் மாதிரி பார்த்துவிடுவதென்று தீர்மானித்துவிட்டாள். வரைபடத்தில் ஒரு அங்குலம் என்றால் நிஜத்தில் இரண்டு அடி. வரைபடத்தைப் பிரவுன் பேப்பரில் வைத்து வெட்டி எடுத்து, அந்த அச்சை அளந்து, தரையில் சாக்பீஸால் அறையைப் போட்டாள். நீளம் பதினாறு அடி, அகலம் பதினொன்று. மாடியில் குடியிருக்கும் நாத்தனாரிடம் ஒரு மெத்தை வாங்கி, தன் வீட்டு மெத்தையோடு கொண்டுவந்து போட்டாள். இரண்டுக்கும் நடுவே இரண்டடி நடைபாதை விட்டும் இடம் தாராளமாக இருந்தது.

"என்னம்மா இது, கட்டம் போட்டுப் பாண்டி ஆடப் போறியா?" என்று கேட்டபடி வந்தார் புருஷன்.

"பெட்டி எத்தனை கொள்ளும்னு பார்க்கணுங்க. மூணு நாள் இதுக்குள்ளதான் இருக்கப்போறோம். கோடுதான் சுவர், மிதிக்கக் கூடாது. அதோ அந்த இடைவெளிதான் கதவு."

அவர் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை ஒட்டி வைத்து நீளத்தை நடந்தார், அகலத்தை நடந்தார். மாஸ்டர் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமல், விரலைக் காற்றில் ஒரு சுழற்றுச் சுழற்றினார். அது மெஷின் ரூம் பாஷை. அங்கே சத்தத்தில் பேச்சு கேட்காது. விரலைச் சுழற்றினால் 'ஓட்டு'. உள்ளங்கையைக் காட்டினால் 'நிறுத்து'.

சாப்பாட்டுப் பொறுப்பு நாத்தனாருக்கு. கப்பலில் சமையல் கிடையாதே! மூன்று வேளையும் தட்டோடு வந்து கதவு இடைவெளியில் நின்று, "ரூம் சர்வீஸ்!" என்று கத்துவாள். "ஏன் அண்ணி, கடல் எங்க இருக்கு? ரெண்டு வாளி தண்ணி கொண்டுவந்து ஊத்தட்டுமா?"

முதல் நாள் வேடிக்கையாகவே போனது. பகல் பதினோரு மணிக்குப் புருஷன் என்ன செய்வார் என்ற மர்மமும் துலங்கியது. பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து பார்க்கிறார். படிப்பதில்லை, பார்க்கிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார், கட்டைவிரலால் தேய்க்கிறார், முகர்கிறார். மாஸ்டருக்கு ஆர்வம் தாங்கவில்லை.

"அப்படி என்னதாங்க இருக்கு அதுல?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்து, கப்பல் விளம்பரத்தின் மேல் வைத்தார். "குனிஞ்சு பாரு."

குனிந்தாள். கடலைக் காணோம். குட்டிக் குட்டி நீலப் புள்ளிகள், நடுவே வெள்ளைக் காகிதம். அட! "கடல் பூரா ஓட்டையால்ல இருக்கு!" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த மனுஷருக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். அப்புறம் வீட்டிலிருந்த படமெல்லாம், மாத்திரை அட்டை உட்பட, லென்ஸுக்கு அடியில் போய் வந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் அவர் முகம் சரியில்லை. பேப்பரைப் பிரித்துக்கொண்டு வலது காலால் தரையைத் தட்டத் தொடங்கினார். டக் டக் டக், டக் டக் டக். மெஷின் ஓடுகிற தாளம். முக்கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் மாஸ்டர். அந்த எரிச்சலில் அவர் சட்டைக் காலரை இழுத்து நேராக்கினாள், தோள் தையலைச் சரி பண்ணினாள், பித்தானைத் திருகிப் பார்த்தாள்.

"சும்மா இரேன். நான் என்ன பொம்மையா?"

"நீங்க முதல்ல அந்தக் காலைச் சும்மா வைங்க. தலைக்குள்ள ரயில் ஓடுது."

"ஓ! நீ மட்டும் ராத்திரி பூரா தூக்கத்துல 'முப்பத்தெட்டு, நாப்பது, நாப்பத்திரண்டு'ன்னு ஏலம் விடலாம், நான் காலை ஆட்டக் கூடாதா?"

தான் தூக்கத்தில் பேசுகிற விஷயம் மாஸ்டருக்கு ஐம்பத்தேழு வயதில்தான் தெரிய வந்தது. சொல்வதற்கு யாரும் பக்கத்தில் இருந்தால்தானே! வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்ததில் வாய் தடித்துவிட்டது. பழைய கதையெல்லாம் கிளம்பியது. மகளுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகள், தனியாகப் போன கல்யாண வீடுகள், எல்லாம். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு உள்ளங்கையைக் காட்டினார்: 'நிறுத்து'.

"கையைக் காட்டாதீங்க! நான் என்ன உங்க மெஷினா?"

"மெஷின் ரூமே தேவலாம்" என்று விருட்டென்று எழுந்தவர் கோட்டைத் தாண்டி நடந்தார்.

"சுவர்! சுவர்!" என்று மாஸ்டர் கத்தினாள். அவ்வளவு கோபத்திலும் மனுஷர் திரும்பி உள்ளே வந்து, கதவு இடைவெளி வழியாக வெளியேறினார்.

இரண்டு மணி நேரம் ஆளைக் காணோம். மத்தியானச் சாப்பாட்டோடு வந்த நாத்தனார், மெத்தையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தாள். "இன்னும் கப்பல்ல ஏறவே இல்ல. அதுக்குள்ள கவுந்துடுச்சா?"

"உங்க அண்ணன் எங்க?"

"மொட்டை மாடியில. நடையா நடந்துட்டிருக்காரு. இத்தனை வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்ல அண்ணி. நல்லாத்தான் போடுறீங்க." தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள் புண்ணியவதி.

மொட்டை மாடி இருந்ததால் போனார். கடலில் எங்கே போவார்? நாளைக்கே போன் பண்ணி ரத்து செய்துவிடவேண்டியதுதான், நீலத்தைப் பேப்பரிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு கட்டினாள். அந்த நேரம் பார்த்துக் கதவு இடைவெளிக்கு வெளியே ஒரு குரல், "டொக் டொக்" என்றது. இல்லாத கதவை வாயால் தட்டிவிட்டு நின்றிருந்தார் புருஷன். சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ அடக்கினாள், முடியவில்லை.

"திறந்துதான் இருக்கு, வாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவர் கால் தட்டவில்லை. அவள் காலரைத் தொடவில்லை. ஒன்றிரண்டு கேள்விகள் கேட்டார்கள், பதில் சொன்னார்கள். கப்பலில் குளிக்கிற தண்ணீர் எங்கிருந்து வரும், அத்தனை பேர் துணியையும் யார் துவைப்பார்கள் என்று அவள் கேட்க, அவருக்கும் தெரியவில்லை. போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது. பரவாயில்லை, ஒப்பேற்றிவிடலாம் என்று மாஸ்டருக்கு நம்பிக்கை வந்தபோது மணி நாலு.

பெட்டி அடுக்குமுன் காகிதங்களைப் பத்திரப்படுத்தலாம் என்று வரைபடத்தை எடுத்துப் பிரவுன் பேப்பர் அச்சின் மேல் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. நாலு பக்கமும் அரை அங்குலம் பிரவுன் பேப்பர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அடப் பாவமே! தையலுக்கு விட்டிருக்கிறாள். எந்தத் துணியை வெட்டினாலும் அளவுக்கு மேல் அரை அங்குலம் தையலுக்கென்று விட்டுப் பழகிய கை, கப்பல் அறைக்கும் விட்டுவிட்டது! காகிதத்தில் பக்கத்துக்கு அரை அங்குலம் என்றால் தரையில் பக்கத்துக்கு ஓர் அடி. நிஜ அறை பதினாறுக்குப் பதினொன்று இல்லை, பதினாலுக்கு ஒன்பது. இவ்வளவு தாராளமான இடத்திலேயே நேற்று அந்தக் கூத்து. இன்னும் இரண்டடி சுருங்கினால்? வந்த நம்பிக்கை வந்த வழியே போய்விட்டது. முப்பத்தொரு வருஷமாக ஒரு சட்டைகூட அளவு தப்பாதவள் இதில் தப்பிவிட்டாளே என்று கண்ணில் நீர் முட்டியது.

"என்னங்க, அறை தப்பு" என்றாள். "ரெண்டு ரெண்டு அடி கூடப் போட்டுட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"காகிதத்துக்குப் பின்பக்கம் பொடி எழுத்துல போட்டிருக்கே, பதினாலுக்கு ஒன்பதுன்னு. பொடி எழுத்து பார்க்காம நான் எந்தக் காகிதத்தையும் கீழ வைக்க மாட்டேன். முதல் நாளே நடந்து பார்த்தேன், கூட இருந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

அவர் லென்ஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "நீ எதை வெட்டினாலும் கொஞ்சம் கூட விட்டுத்தான் வெட்டுவ. பாப்பாவோட ஸ்கூல் பாவாடையை நாலு வருஷம் பிரிச்சுப் பிரிச்சுப் பெருசாக்கினல்ல? அந்த மாதிரி இதுக்கும் தேவைப்படும்னு நினைச்சேன். நேத்து தேவைப்பட்டுச்சே! எனக்கும் பயமாத்தாம்மா இருந்துச்சு." லென்ஸைச் சட்டைப்பையில் போட்டார். "அஞ்சு மணிக்குள்ள போன் பண்ணணும்னும் போட்டிருக்கு, அதே பொடி எழுத்துல."

மூன்று நாளாக மறைத்தது மறைத்ததாகவே இல்லை! இந்த மனுஷர் எல்லாவற்றையும் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு அவளோடு பாண்டி ஆடியிருக்கிறார். பயந்துகொண்டே ஆடியிருக்கிறார். அவர் மேல் கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

எழுந்து ஈரத்துணியால் பழைய கோட்டைத் துடைத்தாள். முட்டி போட்டு, டேப்பை அவர் ஒரு முனையில் பிடிக்க, பதினாலுக்கு ஒன்பது என்று புதுக்கோடு போட்டாள். மெத்தைகள் பிரச்சினை செய்தன. மெத்தை ஒவ்வொன்றும் மூன்றடி. பெட்டிக்கும் நடக்கவும் மூன்றடியாவது வேண்டும். குளியலறைக்கு விட்ட இடம் போக, எப்படித் திருப்பிப் போட்டாலும் நடுவில் இருந்த நடைபாதைக்கு இடமில்லை. கடைசியில் அவர் ஒரு மெத்தையைக் காலால் தள்ளினார். அது இன்னொன்றோடு போய் ஒட்டிக்கொண்டது. இருவரும் அதைத் திரும்பப் பிரிக்கவில்லை.

அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. அது சுவருக்கு வெளியே அலமாரி மேல் இருந்தது. மாஸ்டர் கதவு வழியாகப் போய் எடுத்தாள்.

"மேடம், டிராவல்ஸ்லேர்ந்து பேசறேன். அஞ்சு மணி ஆகப்போகுது. ரத்து பண்ணணும்னா இப்பவே சொல்லிடுங்க."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தாள். ஒன்பதடி அறைக்குள், ஒட்டிப் போட்ட மெத்தையின் ஓரத்தில் புருஷன் உட்கார்ந்திருந்தார். கால் தானாகத் தட்டத் தொடங்கியிருந்தது, அவருக்கே தெரியாமல்.

"ரத்து இருக்கட்டும்மா. எனக்கு ஒரு சந்தேகம். அந்த ரூம்ல இருக்கற ரெண்டு கட்டிலையும் சேர்த்துப் போடணும்னா முன்கூட்டியே சொல்லணுமா?"

"எப்பவும் சேர்த்துதான் மேடம் போட்டிருக்கும். தனித்தனியா வேணும்னாதான் சொல்லணும். தனியா போடச் சொல்லட்டுமா?"

அந்தப் பெண் கத்திப் பேசுகிறவள், ஹால் முழுக்கக் கேட்டது. மாஸ்டர் புருஷனைப் பார்த்தாள். அவர் காலை நிறுத்தினார். பிறகு வலது கையைத் தூக்கி, காற்றில் விரலை ஒரு சுழற்றுச் சுழற்றினார்.

"வேண்டாம்மா" என்றாள் மாஸ்டர். "சேர்ந்தே இருக்கட்டும்."