பசு கிடந்த தூரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே இருக்கிற பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். வெள்ளைக்காரர்கள் மறுபடியும் வந்து தங்குகிறார்கள், இந்தத் தடவை காசு கொடுத்து. அதன் கேட்டில் காவலுக்கு இருந்தவர் ஒரு சிங்களவர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு வாங்கியவர். என்னைவிட ரொம்ப இளையவர் என்பதால் அவரை நான் மல்லி என்பேன், தம்பி என்று அர்த்தம். அவர் என்னை அண்ணே என்பார். சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்குப் பால் வாங்க வருவார். வந்தால் அடுப்புப் பக்கம் குந்தி, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு பிளேன்டீ குடிக்காமல் போகமாட்டார்.

பட்டாளத்தில் அவருக்குத் தூரத்தில் இருந்து குறி பார்த்துச் சுடுகிற வேலை. அதை அவராகப் பேசமாட்டார். நான்தான் கிண்டுவேன். நான் பள்ளிக்கூடம் போகாதவன், இதையும் வாயால் சொல்லித்தான் எழுத வைக்கிறேன். மீட்டர் என்றால் எனக்கு ஒன்றும் ஓடாது. ஒரு நாள் என்னை வாசலுக்குக் கூட்டிப் போய்க் கையை நீட்டிக் காட்டினார்.

"அந்தா புள்ளைங்கள விட்டுட்டு வேலைக்குப் போற புள்ளக் காம்பரா இருக்கு தானே அண்ணே. அது வரைக்கும் பட்டாளத்துல நல்லாப் பழகினவன் யாரும் சுடுவான். முந்நூறு மீட்டர். அங்கிட்டு கொழுந்து அரைக்கிற ஸ்டோரு தெரியுது தானே, அது எண்ணூறு. அதுக்குக் கண்ணாடி வெச்ச துவக்கு வேணும், படுத்துக்கிட்டுச் சுடணும், மூச்ச விட்டுட்டு அடுத்த மூச்சு எடுக்க முந்திச் சுடணும்."

"எதுத்தாப்புல கோயில் மேடு?"

"ஆயிரத்துக்கு மேல. சில பேர் சுடுவாங்க. காத்து இல்லாத நாளா இருக்கணும்."

"கோயிலத் தாண்டி?"

"குண்டு போகும் அண்ணே. அது நிக்காது தானே. யார் மேல படும்னுதான் சொல்ல ஏலாது."

எனக்குத் தெரிந்த வேட்டையெல்லாம் வேறு மாதிரி. நான் சின்னவனாக இருந்தபோது இருந்த துரைக்கு மரைமான் சுடுகிற ஆசை. என் அப்பா காட்டுக்குள் போய்த் தகரம் தட்டி மரையை விரட்டி விடவேண்டும். அந்தத் துரை லயத்துச் சுவரைச் சுட்டாலும் படாது. ஆனாலும் ஒவ்வொரு வெடிக்கும் அப்பா, "பட்டிருச்சுங்க தொரை, ரத்தம் கெடக்குங்க" என்று சொல்லிவிட்டு, வராத மரையைத் தேடி அட்டைக்கடியோடு அலைந்துவிட்டு வருவார். அதைச் சொன்னபோது மல்லி ரொம்ப நேரம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் பசு விழுந்தது ஆடிக் காற்றும் மழையும் அடித்த நாட்களில். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு பசுதான். வீட்டுக்காரி கை பட்டால்தான் பால் இறங்கும். நான் மடியைத் தொட்டால் காலை உதறும். பால் வற்றுகிற நேரம், வயிற்றில் கன்று. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மானாப்புல் மேயப் போனது, ஈரப் பாறையில் சறுக்கி, பாதியில் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பாறையில் போய் விழுந்துவிட்டது. கீழே ஆறு இரைகிறது. மேலே செங்குத்து. பின்னங்கால் இரண்டும் போய்விட்டன என்று இங்கிருந்து பார்த்தாலே தெரிந்தது. முன்னங்காலை ஊன்றி எழும்பப் பார்க்கும், அப்படியே சரியும்.

பொடியன்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். பாதியில் மண் சரிந்து ஒருவன் கயிற்றில் தொங்கினான். அவனை இழுத்து எடுத்ததும் தோட்டத்துச் சங்கத் தலைவர், "போதும்ப்பா. மாட்டுக்காக ஒரு புள்ளயப் பறிகொடுக்க ஏலாது" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

இரவெல்லாம் அது கத்தியது. லயத்தில் ஒருவரும் தூங்கவில்லை. விடிந்து பார்த்தால் பாறைக்கு மேலே சிறுத்தையின் தடம் இருப்பதாகத் தோட்டத்தைக் காவல் பார்க்கிற வாச்சர் வந்து சொன்னார். உயிர் இருக்கும்போதே அது வந்து வாய் வைக்குமே என்றுதான் எனக்கு ஓடியது.

"சுட்டுடச் சொல்லலாம் புள்ள" என்றேன்.

வீட்டுக்காரி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "வயித்துல கன்னோட கெடக்கா. ஒங்களுக்கு வாய் எப்படிங்க வருது?" என்று உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் அப்போது தோட்டத்தை நடத்திய துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் போன் பண்ணினார். மத்தியானம் போல ஜீப் வந்தது. துவக்கோடு இறங்கிய பொலிஸ்காரர், மீசை சரியாக முளைக்காத பிள்ளை.

"லயம் பத்தி எரிஞ்சன்னைக்கு ஜீப்பு இல்லேன்னாய்ங்க. மாட்டுக்கு வந்துட்டாய்ங்க பாரு" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"தொர கூப்ட்டா வருவாய்ங்க. நீ கூப்ட்டுப் பாரு, போனே எடுக்க மாட்டாய்ங்க."

மல்லியும் கேட்டை விட்டுவிட்டு வந்திருந்தார். பள்ளத்தைப் பார்த்து, "இருநூறு இருக்கும்" என்றார். "தூரம் ஒண்ணும் இல்ல அண்ணே. மூட்டந்தான் கஷ்டம்." மூட்டம் வந்து பாறையை மூடும், விலகும், மறுபடி மூடும். உரச்சாக்கை விரித்துப் பொலிஸ்காரரைப் படுக்க வைத்து, இவரும் பக்கத்தில் படுத்துக்கொண்டார். பசு தலையைக் கீழே போட்டிருந்தது. இங்கிருந்து முதுகுதான் தெரிந்தது.

"நெத்தி தெரியணும் அண்ணே. நீங்க கூப்பிடுங்க. ஒங்க சத்தம் கேட்டாத் தூக்கும் தானே."

அது எனக்கு அதுவரைக்கும் தோன்றவில்லை. சுடுகிறவர் சுடுவார், நான் திரும்பி நின்றுகொள்ளலாம் என்று இருந்தேன். மூட்டம் விலகியதும், "வாம்மா, வா, வா" என்று கூப்பிட்டேன். பசு தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தது. வெடி கிளம்பியது. பசுவின் தோளில் பட்டது. அது போட்ட சத்தத்தைப் பற்றி நான் எழுதச் சொல்லப் போவதில்லை.

பொலிஸ்காரர் மறுபடி குறி பார்க்கவில்லை. துவக்கை மல்லி பக்கம் தள்ளினார். பட்டாளத்தை விட்ட அன்றைக்கே பன்சலையில் புத்தரைக் கும்பிட்டு, இனி இதைத் தொடமாட்டேன் என்று வந்தவர் மல்லி. உள்ளங்கை இரண்டையும் உரச்சாக்கில் துடைத்தார். பிறகு எடுத்தார்.

"இன்னொரு தரம் கூப்பிடுங்க அண்ணே."

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. காற்றுத்தான் வந்தது.

வெடி கேட்டு வீட்டுக்காரி ஓடி வந்திருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "தள்ளுங்க. நீங்க கூப்ட்டா இனிப் பாக்க மாட்டா." ஓரத்தில் போய் நின்று, பால் கறக்க உட்காரும்போது சொல்கிற மாதிரியே, "அம்மாடி... வாடி, வாடி, வாடி" என்றாள். சத்தம் போட்டுத்தான் கூப்பிட்டாள், ஆனால் அது கத்தின மாதிரி இல்லை.

பசு மெதுவாகத் தலையைத் தூக்கியது. இரண்டு காதையும் முன்னால் விட்டது.

"இன்னும் ஒரே ஒரு தரம், அக்கே" என்றார் மல்லி, கன்னத்தைத் துவக்கில் இருந்து எடுக்காமல்.

அவள் கூப்பிட்டாள். வெடித்தது. பசுவின் தலை அப்படியே பாறையில் சாய்ந்தது. எதிர் மலையில் முட்டி அந்தச் சத்தம் திரும்பி வந்தபோது அது அசையவில்லை.

பொலிஸ்காரர் வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கினார். மல்லி உரச்சாக்கிலேயே கிடந்தார். கை கொடுத்தேன். எழும்பியும் கையை விடவில்லை. "கிட்டத்தான் அண்ணே" என்றார். "ரொம்பக் கிட்டத்தான்."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பாலும் இல்லை, வருவதற்கு ஒரு சாக்கும் இல்லை. ரோட்டில் கண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அடுத்த வருசம் ஊருக்கே போய்விட்டார்.

வீட்டுக்காரி என்னைத் திட்டவில்லை, அவரையும் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடுவதில்லை. லயத்தில் அப்படி இருக்க முடியுமா? மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நாங்கள் கூவித்தான் பேசிக்கொள்வோம். பேத்தி கீழே பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்பாள். இவள் வலிக்கிற காலோடு படி படியாக இறங்கிப் போவாள். "இங்கன இருந்தே ஒரு சத்தம் குடுத்தா வந்துருவா தானே புள்ள" என்று ஒரு நாள் சொன்னேன். காதில் விழாத மாதிரி இறங்கிப் போனாள். பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நின்று, தோளைத் தொட்டு, அது திரும்பிப் பார்த்த பிறகுதான் சொல்லவேண்டியதைச் சொன்னாள்.