கையாட்ட ஓர் இடம்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை, திருவண்ணாமலையில் நடந்தது இது. அப்போது நான் சென்னையில் சிவில் இன்ஜினியர். துறைமுகத்தில் பழைய கப்பல் துறை ஒன்றைப் புதுப்பிக்கும் வேலையில், அந்தமான் கப்பல் ஏறுபவர்கள் காத்திருக்கும் கட்டடத்தை வரைந்துகொண்டிருந்தேன். ஒரே வாசல், டிக்கெட் உள்ளவர்கள் மட்டும் உள்ளே, நெரிசலே கிடையாது. மேலதிகாரி பாராட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

விடுமுறைக்கு வேங்கிக்காலில் இருக்கும் வீட்டுக்கு வந்துவிட்டு அன்று திரும்பினேன். கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்கு வெளியே ஒரு திடலில் தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டிருந்தார்கள். சுற்றிலும் மூங்கில் தடுப்பு. “பஸ் ஏறுறவங்க மட்டும் உள்ள போங்க, மத்தவங்க அங்கயே நில்லுங்க” என்று வாசலில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். அட, நம் பிளான் மாதிரியே இருக்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு.

எனக்கு முன்னால் ஓர் இளம் தம்பதி. அவன் கையில் பெட்டி, அவள் தோளில் தூங்கும் கைக்குழந்தை. அவளை வாசலில் நிறுத்திவிட்டார்கள். பின்னால் வந்த கூட்டம் அவனை உள்ளே தள்ளிவிட்டது. போய்விட்டு வருகிறேன் என்றுகூட அவன் சொல்லியிருக்கவில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். கட்டட வேலைக்கு அந்தமான் போகிறானாம். திரும்பி வர இரண்டு வருஷம் ஆகுமாம்.

“பஸ்ஸாண்ட வந்து புள்ளைய எழுப்பிக்கலாம்னு இருந்தோம்க்கா. மூஞ்சியக்கூட பாக்காம வந்துட்டேன்.”

எட்டி எட்டிப் பார்த்தான். நடுவில் வரிசையாக பஸ்கள் நின்று மறைத்தன. ஜன்னலோர இடத்தை அவனுக்குக் கொடுத்தேன், வேறென்ன செய்யத் தெரியும்?

கண்டக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். தடுப்பைத் தாண்டியதும் வண்டி ஓரங்கட்டி நின்றது. “சீக்கிரம் கூப்புடுப்பா” என்றார் கண்டக்டர்.

அவன் குரல் கேட்டு, வாசலிலேயே நின்றிருந்த அவள் ஓடி வந்தாள். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டான். அது விழித்து, அழுது, அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. எங்கள் பஸ்ஸில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு என்ன வேலை என்று கேட்டான். கப்பல் ஏறுபவர்களுக்கான கட்டடத்தைப் பற்றிச் சற்றுப் பெருமையாகவே சொல்லிவிட்டேன்.

“அங்கயாச்சும் வழியனுப்ப வர்றவங்க நின்னு கையாட்ட எடம் வெச்சிருக்கீங்களாக்கா?”

குத்திக்காட்டவில்லை, வெகுளியாகத்தான் கேட்டான். நான் வைத்திருக்கவில்லை. அவமானமாக இருந்தது. “வெக்கிறேன்” என்று மட்டும் சொன்னேன்.

அலுவலகம் போனதும், ஒப்புதல் வாங்கிய வரைபடத்தை நானே கலைத்தேன். “கப்பல் ஏறாதவங்களுக்கு எதுக்கும்மா இடம்?” என்று மேலதிகாரி மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காவது முறை அலுத்துப்போய்க் கையெழுத்திட்டார். தண்ணீரைப் பார்த்தபடி, கூரை போட்ட நீண்ட மாடம் ஒன்று அங்கே வந்தது.

அவன் கப்பல் ஏறிய அன்று அது இல்லை. அந்த வருத்தம் எனக்குப் போகவேயில்லை. இன்றும் எந்தக் கட்டடத்தை வரைந்தாலும், கைக்குழந்தையோடு வெளியே நிற்கும் அந்தப் பெண்ணுக்கு எங்கே இடம் என்று பார்த்த பிறகுதான் பென்சிலைக் கீழே வைக்கிறேன்.