ஊசிச் சீட்டு

என்னை எவனாலும் ஏமாற்ற முடியாது என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்த வயசு அது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். வயசுக்கு மிஞ்சின வாய் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவருக்கும் சேர்த்து நான்தான் பேச வேண்டியிருந்தது, வேறு என்ன செய்வது?

கடம்பத்தூர் ஸ்டேஷனுக்கு வெளியே எங்களுக்கு ஒரு இட்லிக் கடை. மாவாட்டுவதும் அவிப்பதும் நான், விற்பது அவர். அன்றாடப் பாடு கழிந்துகொண்டிருந்தது. ஆனால் எங்களைக் கொஞ்சம் நிமிர வைப்பது தை அமாவாசைதான். திருவள்ளூர் கோயில் குளத்தில் முழுக்குப் போட எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து குவியும். குளக்கரையில் மூன்று நாள் கடை போட்டால் அப்புறம் நாலு மாசம் மூச்சு விடலாம். அந்த வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக் கூரை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை நகர்ந்து படுத்தோம். குளக்கரைக் கடைக்கு லைசென்ஸ் கிடைத்தால்தான் அடுத்த மழைக்குள் கூரை வேய முடியும் என்ற நிலைமை.

சாப்பாட்டுக் கடை போடுகிறவர்கள் காலரா ஊசி போட்டுக்கொண்ட சீட்டைக் காட்டினால்தான் லைசென்ஸ். கூட்டம் கலைந்து போன பிறகு ஊர் ஊராக வாந்திபேதி கிளம்பும், அதனால் சர்க்கார் அப்படி வைத்திருந்தது. எங்களுக்கு ஊசி என்றாலே நடுக்கம். வலிக்காக இல்லை. ஊசி போட்டால் கை இரண்டு மூன்று நாள் வீங்கிக் கனத்துவிடும், காய்ச்சல் வேறு. அமாவாசைக்கு முந்தின நாள் கை வீங்கிக் கிடந்தால் மாவை யார் ஆட்டுவது? என் தொழிலே அந்தத் தோளில்தான் இருந்தது. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, லைசென்ஸ் கொடுக்கும் கடைசி நாளில்தான் இரண்டு பேரும் மூன்று வயசுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு திருவள்ளூருக்கு ரயில் ஏறினோம்.

லைசென்ஸ் ஆபீஸ் கேட்டுக்கு வெளியே ஒரு சந்தையே நடந்தது. ஒருத்தன் விண்ணப்ப ஃபாரத்தை இரண்டணா என்று விற்றான். உள்ளே அதைச் சும்மா கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். விட்டேனா? கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிற ஜனத்தை ஏய்க்கிறாயே, உருப்படுவாயா என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன். அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமை ஆறுவதற்குள் இன்னொருத்தன் வந்தான். ஒல்லியான ஆள், காதில் பென்சில், கையில் சீட்டுப் புத்தகம். நான் போட்ட சண்டையைத்தான் முதலில் மெச்சினான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான்.

"இன்னாம்மா, ஊசி போட்டுக்கினா நாலு நாளு கை தூக்க முடியாது. யாவாரத்த யாரு பாக்கறது? டாக்டரு கையெழுத்தோட சீட்டு கீது. பேரு மட்டும் சொல்லு."

என் மனசுக்குள் இருந்த பயத்தை அப்படியே எடுத்துப் பேசினான் பாருங்கள்! இரண்டணா ஃபாரத்துக்கு ஊரைக் கூட்டினவள், முழுசாக ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு சீட்டு வாங்கினேன். வீட்டுக்காரர் என் முந்தானையை இழுத்தார். சும்மா இருங்கள் என்று அவர் வாயையும் அடைத்தேன்.

உள்ளே சுகாதார இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எப்போது போட்டுக்கொண்டாய் என்று கேட்டார். முந்தாநாள் என்றேன். எழுந்து வந்து என் மேல்கையைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். மாவாட்டி உரம் ஏறின கை, எனக்கு எறும்பு கடித்த மாதிரி கூட இல்லை. நான் மரம் மாதிரி நின்றேன்.

"முந்தாநாளு ஊசி போட்ட கைய அமுக்கினா ஊரே கேக்கறாப்பல கத்தணும்மா," என்றார்.

அடுத்து வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். இந்த மனுஷர், விரல் படுவதற்கு முன்னாலேயே "ஐயோ அம்மா" என்று அலறினார். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு நிலம் பிளக்காதா என்று இருந்தது. போலீசைக் கூப்பிடுவார், லைசென்ஸ் போயிற்று, கூரை போயிற்று என்றே நினைத்தேன். பெண்ணை அணைத்துக்கொண்டு அழுதேன். வாய் இருக்கிற இடம் தெரியவில்லை.

அவர் இரண்டு சீட்டையும் கிழித்துக் கூடையில் போட்டார். எங்கள் விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை. அதை மேசை ஓரத்தில் வைத்து அதன்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். கை வீங்கினால் மாவாட்ட முடியாது என்று விக்கி விக்கிச் சொன்னேன்.

"எந்தக் கையால ஆட்றே?"

"சோத்தாங்கையாலங்க."

"அப்ப பீச்சாங்கையில போட்டுக்கோ. பின்னால வராண்டாவுல போட்டுக்கினு கீறாங்க. நீ வர்ற வரிக்கும் இது இங்கியேதான் இருக்கும், போ."

ஒரு மாசமாக நடுங்கின நடுக்கத்துக்கு மருந்து அவ்வளவுதானா? இடது கையை நீட்டலாம் என்பது எனக்கும் தோன்றவில்லை, என் வீட்டுக்காரருக்கும் தோன்றவில்லை, எங்கள் வரிசையில் கடை வைத்திருந்த ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அதட்டாமல் ஒரு கேள்வி கேட்டாரே, அந்த மனுஷரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பின்பக்க வராண்டாவில் ஸ்டவ்வில் ஊசி கொதித்துக்கொண்டிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறவனைப் பார்த்தேன். அதே ஒல்லி ஆள், காதில் அதே பென்சில். இரண்டு பெண் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் சட்டைக் கையையும் மேலே சுருட்டிவிட்டு ஊசிக்கு நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவனை நாறடித்துவிட வாயைத் திறந்தேன். சின்னது அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. வாய் மூடிக்கொண்டது. அவனும் என்னைப் பார்த்துவிட்டான். முகம் செத்துவிட்டது. ஓடிவிடுவான் என்று நினைத்தேன், ஓடவில்லை. என் இடுப்பில் இருந்த பெண்ணைக் காட்டினான்.

"கொயந்தைக்கும் போட்டுடும்மா. லைசென்சுக்குக் கேக்க மாட்டாங்கதான். சீட்டு வேற, நோவு வேற."

குழந்தைக்குப் போடவேண்டும் என்ற நினைப்பே எனக்கு இல்லை. லைசென்ஸுக்குத் தேவையில்லாத ஊசி எதற்கு என்றுதான் இருந்திருப்பேன். ஆனால் ஊரை ஏமாற்றுகிறவன் தன் பிள்ளைகளை எங்கே கொண்டு வந்து நிறுத்துகிறான் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேனே. நாங்கள் இரண்டு பேரும் இடது கையில் போட்டுக்கொண்டு, பெண் வீறிட்டு அழ அழ அவளுக்கும் போட்டுக்கொண்டு வந்தோம். கல்லுக்கு அடியில் விண்ணப்பம் அப்படியே இருந்தது. லைசென்ஸ் கிடைத்தது.

ஊருக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் இடது கை வீங்கிக்கொண்டது, அனலாய்க் காய்ந்தது. மாவாட்டும்போது குழவியைச் சுற்ற ஒரு கை, மாவைத் தள்ளிவிட ஒரு கை வேண்டும். அதுவரை ஆட்டுக்கல் பக்கமே வராத என் வீட்டுக்காரர் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் சோற்றாங்கையால் சுற்ற, அவர் சோற்றாங்கையால் தள்ளிவிட்டார். மாவு கொஞ்சம் நறநற என்றுதான் இருந்தது. முழுக்குப் போட்டுவிட்டுப் பசியோடு வந்த ஜனம் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டது.

மாசியில் எங்கள் தெருவுக்கு வாந்திபேதி வந்தது. நாலு நாளில் மூன்று குழந்தைகள் போய்விட்டன. அதில் ஒன்று அடுத்த வீட்டுப் பிள்ளை, என் பெண்ணோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவன். என் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுக் கூரைக்குக் கீழே அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு, மூக்கில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று தடவித் தடவி உட்கார்ந்திருந்தேன். அடுத்த வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அடுத்த வருஷம் லைசென்ஸுக்குப் போனபோது ஒரு தூக்கு நிறைய வடை கொண்டு போய் இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்தேன். யாரும்மா நீ என்று கேட்டார். அவருக்கு ஞாபகமே இல்லை. சொன்னேன். பெண்ணைக் கூப்பிட்டுத் தலையைத் தடவி, வடையை ஆபீஸ் முழுக்கப் பங்கு போட்டார்.

கேட்டுக்கு வெளியே ஒல்லி ஆள் அதே சீட்டுப் புத்தகத்தோடு நின்றான். பெண்ணைக் கொண்டு போய் அவன் எதிரில் நிறுத்தினேன்.

"எங்க தெருவுல மூணு கொயந்தைங்க பூட்ச்சு. இவ இருக்கறா, நீ சொன்னதாலதான். உம் புள்ளைங்களுக்குப் பண்ணத மத்தவங்களுக்கும் சொல்லேன்யா."

திட்டத்தான் போனேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவன் என் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கு அடுத்த வருஷம் அவன் கையில் சீட்டுப் புத்தகம் இல்லை. ஃபாரம் விற்றுக்கொண்டிருந்தான். உள்ளே சும்மா கொடுக்கிற அதே ஃபாரம், இரண்டணா. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டணா எடுத்துக் கொடுத்து, ஒன்று வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.