குமாசியில் கட்டிய சிவப்புச் சேலை

வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருந்தாலும் ஜோசஃபின் பேச்சை நிறுத்த மாட்டார். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போனவள் நான். கையைத் தூக்கி நின்றவளை அப்படியே நிற்க வைத்துவிட்டு, “குமாசி போனேனா…” என்று ஆரம்பித்துவிட்டார். இன்ச் டேப் என் தோளில் தொங்குகிறது, அவர் மனசு கானாவில் இருக்கிறது.

பெங்களூர் மர்பி டவுனில் அவர் வீட்டு முன்னறைதான் தையல் கடை. இப்போது அங்கே யார் போனாலும் இதே கதி. மாடியில் வாடகைக்கு இருந்து நர்சிங் படித்த கானாப் பெண் அகோசுவா, ஊர் திரும்பியதும் வாங்க வாங்க என்று கூப்பிட்டிருக்கிறாள். இவரும் கிளம்பிவிட்டார். மைசூருக்கே தனியாகப் போகாதவர்!

“எல்லாரும் சிங்கம் பாத்தியான்னே கேக்கறாங்க ரீ. எவ்ளோ பெரிய ஊரு தெரியுமா? ராஜா இருக்காரு, அரமன இருக்கு. நம்ம சிட்டி மார்க்கெட்ட அவங்க மார்க்கெட்டுல ஒரு மூலைல வெச்சிரலாம். துணிய பட்ட பட்டையா நெய்யறாங்க, அப்பறம் ஒண்ணோட ஒண்ணு சேத்துத் தைக்கறாங்க. தையல் எங்கன்னு நானே தேடறேன், படுபாவிங்க, தெரியவே இல்ல!” கன்னடத்து ‘ரீ’ அவர் பேச்சில் ஒட்டிக்கொண்டே வரும். சொல்லும்போதே அவர் விரல்கள் காற்றில் ஊசி ஓட்டுகின்றன.

அவர் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணவர் டிரேவர் இறந்ததிலிருந்து கட்டுவதெல்லாம் வெளிர் நிறச் சேலைதான். நாத்தனார் மௌரீன் என்ன சொல்வாரோ என்று பயந்து, ஆசையாக வாங்கிய சிவப்புப் பட்டு பீரோவிலேயே கிடந்தது. குமாசியில் யார் கேட்கப்போகிறார்கள்? முதல் நாளே கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார்.

“போற வர்ற பொம்பளைங்கல்லாம் என் கையப் பிடிச்சி மொகத்த பாவமா வெச்சிக்கறாங்க. எனக்கா ஒண்ணும் புரியல, ஈன்னு பல்லக் காட்டறேன்! அகோசுவா தலைல அடிச்சிக்கிட்டா. அங்க செவப்பு துக்கத்துக்குக் கட்டற கலராம் ரீ! அதும் ரொம்ப நெருங்கினவங்க செத்தாத்தானாம்!”

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. எனக்கும்தான் அடக்க முடியவில்லை. பிறகு கொஞ்சம் தணிந்து, “ஒரு தக்காளிக்காரம்மா மட்டும் என்ன விடவே இல்ல. யாருக்குன்னு கேட்டாங்க. வீட்டுக்காரருக்குன்னேன். பக்கத்துல ஒக்கார வெச்சிக்கிட்டாங்க. இங்க அவர் சாவுக்கு வந்தவங்களுக்கெல்லாம் காபி போட்டுக்கிட்டே இருந்தேன், அழ எங்க நேரம்? அங்க உக்காந்து நல்லா அழுதேன். அப்பாடான்னு இருந்துச்சி” என்றார்.

அந்த நேரம் பார்த்தா மௌரீன் வர வேண்டும்! வாசலில் நின்றபடியே, “அண்ணி, நாளைக்குக் கல்லறத் திருநாள். சொந்தக்காரங்க எல்லாரும் வர்றாங்க. அண்ணன் கல்லறைக்கு அந்தச் சாம்பக் கலர் சேலையே கட்டிட்டு வந்துருங்க” என்றார்.

 ஜோசஃபின் பீரோவைத் திறந்தார். சிவப்புப் பட்டை எடுத்து உதறினார். ஒரு முனையை மௌரீன் கையில் திணித்து, “கெட்டியாப் பிடி மௌரீன், இஸ்திரி போடணும்” என்று மறுமுனையை இழுத்துப் பிடித்தார்.